கிளிமெப்பிரைட் அட்டையும் ஒரு பிழையான பதிலும்

திருகோணமலையில் மருந்தாளராக வேலை தொடங்கிய காலத்தில், சீனி வருத்தக்காரரின் கிளினிக் கொப்பியைத் திறந்ததும் என் கண் தேடியது வெறும் வயிற்றுச் சீனியின் அளவை மட்டுமே. அது இறங்கியிருந்தால் மருந்து நல்லது என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஒருநாள், மூதூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், சீனியைக் குறைக்கும் கிளிமெப்பிரைட் குளிசை அட்டையை மேசையில் வைத்து, "பிள்ளை, இது பழைய மருந்தாம், நெஞ்சுக்குக் கூடாதாம், லினாகிளிப்டின் எண்டு ஒண்டு இருக்காமே, காசு கூடினாலும் பரவாயில்லை" என்றார். மருத்துவரின் துண்டில்லாமல் மாற்ற முடியாது என்று சொன்ன நான், "புதியதுதான் இதயத்துக்கு நல்லது, ஐயா" என்றும் சேர்த்துவிட்டேன்.

அது பிழையான பதில். 2019இல் வெளியான கரோலினா ஆய்வு இதே இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்தது. இதய, இரத்தக்குழாய் நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தவர்கள் லினாகிளிப்டின் பிரிவில் 11.8 வீதம், கிளிமெப்பிரைட் பிரிவில் 12 வீதம். வேறுபாடே இல்லை எனலாம். வேறுபாடு தெரிந்தது சீனி அளவுக்கு மீறி இறங்குவதில்தான்: முன்னதில் 10.6 வீதம், பின்னதில் 37.7 வீதம்.

புதியவற்றை ஒரே கூடையில் போடவும் முடியாது. லினாகிளிப்டினின் இனத்தைச் சேர்ந்த சக்ஸாகிளிப்டின், சீனியைக் குறைத்தபோதும், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பை 27 வீதம் கூட்டியதாக 2013இல் தெரியவந்தது. வேறு இனமான எம்பாகிளிஃப்ளோசின், இதய, இரத்தக்குழாய் நோயால் வரும் இறப்பை 38 வீதம் குறைத்ததாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோயுள்ளவர்கள், ஒப்பிடப்பட்டதும் மருந்தில்லாத போலிக் குளிசையோடு. ஆகவே அந்த 38ஐத் தூக்கிக் கரோலினாவின் எண்களுக்குப் பக்கத்தில் வைப்பது, விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பிடித்தமான கணக்காக இருக்கலாம், சரியான கணக்கல்ல.

அடுத்த மாதம் அவர் வந்தபோது, என் பிழையைச் சொல்லிவிட்டு, விடிய என்ன சாப்பிட்டுவிட்டு வள்ளத்தில் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சீனி போடாத வெறுந்தேத்தண்ணிதான், பிள்ளை. குளிசையையும் அதோட போட்டிடுவன். ஒன்பது மணிக்கெல்லாம் கை நடுங்கி, உடம்பு வேர்த்துப்போடும். வெயில் எண்டு இருந்திட்டன்."

அது வெயிலல்ல, சீனி அளவுக்கு மீறி இறங்குவதாக இருக்கலாம் என்று சொல்லி, மருத்துவர் பார்க்கும்படி அதைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.