அந்த 21 நாள் கணக்கு

தன்னம்பிக்கைப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்ற வரி எட்டிப்பார்க்கும். மேடைப் பேச்சிலும் அதே பாட்டுதான்.

மூலம், பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியது. அறுவைக்குப் பின் புது முகம் பழக, நோயாளிக்குக் ‘குறைந்தது’ 21 நாளாவது ஆகும் என்றார். அந்தக் ‘குறைந்தது’ கைமாறிக் கைமாறிக் காணாமல் போச்சு!

லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழு, புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தது. பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை (254 என்பது 12 வாரத்தைத் தாண்டுவதால், அதுவரை கண்ட போக்கை வைத்துக் கணித்தது). தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. நடுவே ஒருநாள் தவறியதால் பெரிய சேதமில்லை.

இப்படி ஒரு புத்தகம் வாங்குமுன் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்றிருந்து, யார், எந்த ஆண்டு என்று இல்லையா? அலமாரியிலேயே வைத்துவிடலாம்.