மூணு நெல் நீளம்

நவம்பர் 4

தஞ்சாவூரில் விடிந்ததிலிருந்து மழை. எங்கள் எக்ஸ்ரே அறைக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நாலு மாதப் பெண் குழந்தை வந்தது. ஊர், பெயர் எழுதமாட்டேன். சிறுநீர்க்குழாய், யோனி, மலக்குடல் மூன்றும் உள்ளே சேர்ந்து வெளியே ஒரே வாசல். குளோயகா என்பார்கள். பிறந்த இரண்டாம் நாளே வயிற்றில் வழி வைத்து மலத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இனிதான் பெரிய ஆபரேஷன்.

"படம் எடுத்தாச்சுங்க" என்று அப்பா ஒரு கவரை நீட்டினார். போன மாதம் வேறொரு சென்டரில் எடுத்தது. பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் எல்லாம் நேர்ப் படம், பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை. வாசல் எங்கே என்று அடையாளமும் இல்லை, அளவுக்கு ஒரு பொருளும் வைக்கவில்லை. சர்ஜன் பார்த்துவிட்டு, "இதை வச்சு நான் எங்க தம்பி வெட்டுறது?" என்றார். குழந்தை வாங்கிய கதிர்வீச்சு வீண். எனக்கு ஆத்திரம் அடங்கச் சாயங்காலம் ஆனது.

நவம்பர் 5

அல்ட்ராசவுண்ட் மட்டும். யோனிக்குள் சிறுநீர் தேங்கினால் அது வீங்கி மூத்திரப்பையை அழுத்தும், சிறுநீரகமும் சேர்ந்து வீங்கும். இவளுக்கு வலது பக்கம் லேசான வீக்கம்தான். தண்டுவடத்தையும் பார்க்கவேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால் முதுகெலும்பு முற்றுமுன் இதிலேயே நன்றாகத் தெரிந்திருக்கும். இனி எம்.ஆர்.ஐ.தான்.

வெளியே அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, பொண்ணுதானே? தெருவுல எல்லாரும் ஒரு மாதிரி கேக்குறாங்க." பெண்தான், சந்தேகமே வேண்டாம் என்றேன். இருபத்திரண்டு வயதிருக்கும். இதை நாலு மாதமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

நவம்பர் 7

இன்றுதான் முக்கியமான படம். வயிற்றில் இரண்டு வாய். மேல் வாயில் மலம் வரும், கீழ் வாய் பழைய குடலுக்குப் போகும். அந்தக் கீழ் வாயில் நுனியில் பலூன் வைத்த ஃபோலி டியூப் போட்டு, பலூனை ஊதி, கசியாதபடி லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு டாக்டர் காண்ட்ராஸ்ட், அதாவது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்து, செலுத்தினார். பேரியம் கிடையாது, தண்ணீரில் கரையும் மருந்துதான். கீழ் வாசலிலும் ஒரு சின்ன டியூப். வாசலில் கால் அங்குல சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டினேன். படத்தில் எல்லாம் கொஞ்சம் பெரிசாகத்தான் விழும். குண்டின் அளவு தெரிந்திருந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுத்தோம். முதலில் மலக்குடல் ஒரு கோட்டில் தட்டையாக நின்றுவிட்டது. அதோடு முடிந்தது என்று நம்பினால் போச்சு. இடுப்புத் தசை இறுக்கிப் பிடித்திருக்கும். டாக்டர் விடாமல் நிதானமாக அழுத்த, மெல்ல மலக்குடலின் நுனி மூக்கு மாதிரி கீழே இறங்கியது. வால் எலும்பைத் தாண்டியது. அப்பாடா.

மூன்றும் சேரும் இடத்திலிருந்து வாசல் வரை உள்ள பொதுப் பாதை 2.3 செ.மீ.

நவம்பர் 8

சர்ஜன் குண்டைப் பார்த்துச் சிரித்தார். 3 செ.மீ.க்குள் இருப்பதால் பின்பக்கமாகவே செய்துவிடலாம், வயிற்றைத் திறக்கவேண்டி வராது என்று நினைக்கிறார். ஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) போட்டு ஒருமுறை நேரில் அளந்துகொள்வார். சிறுநீர்க்குழாயையும் யோனியையும் பிரிக்காமல் ஒன்றாகவே கீழே இறக்குவது, 1997இல் குழந்தைகள் சர்ஜன் அல்பெர்டோ பெனா சொன்ன முறை. பாதை நீளமாக இருந்திருந்தால் கதையே வேறு.

தாத்தா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சம்பா வயலில் தண்ணீர் ஏறிக்கிடக்கிறதாம், ஆனாலும் போகவில்லை. பழைய படத்தைப் பற்றிச் சொன்னதும், "அளக்காம வரப்பு போட்டிருக்கானுவ" என்றார். அப்புறம் இப்போது எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சென்டிமீட்டர் அவருக்குப் பிடிபடவில்லை.

"மூணு நெல்லு நீளம் இருக்குமா தம்பி?"

இருக்கும் என்றேன். விரலால் தன் உள்ளங்கையில் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எம்.ஆர்.ஐ.க்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறது.