புலி யாரு?

"இதுல புலி யாரு தம்பி?" என்று கேட்டார் ப்ரூஃப் பார்க்கும் அக்கா. ப்ரூஃப் தாளில் ஒரு வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அந்த வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஒற்றுக்குப் போட வேண்டிய வட்டத்தை அர்த்தத்துக்குப் போட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது என இப்போது தோன்றுகிறது.

நான் தமிழாக்கிய அமெரிக்க வரலாற்றுப் பாடநூலில் மிசூரி அத்தியாயம். மிசூரியை அடிமை முறையோடு மாநிலமாகச் சேர்ப்பதா என்ற தகராறு பற்றியது. 1820 ஏப்ரல் 22 அன்று ஜான் ஹோம்ஸ் என்ற அரசியல்வாதிக்கு முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சன் எழுதிய கடிதம் அதில் வரும். மிசூரிப் பிரச்சினை நடு ராத்திரியில் அடிக்கும் தீ மணிபோலத் தன்னைத் தூக்கிவாரிப்போட்டு எழுப்பியது என்பார். அதே கடிதத்தில்தான், ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடித்துவைத்திருக்கவும் முடியவில்லை, ஆபத்தில்லாமல் விடவும் முடியவில்லை என்ற வரியும் வரும். நான் "புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது நம் நிலை" என்று போட்டிருந்தேன். போட்ட அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடிமை முறைதான் அக்கா புலி."

"முறை எப்படிக் கடிக்கும்? விட்டா கடிச்சுடும்னுதானே பயப்படுறாரு. கடிக்கிறதுன்னா ஆளுங்கதானே?"

"அது உவமைக்கா."

"உவமைதான். இவருகிட்ட எத்தனை பேரு இருந்தாங்க?"

எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் சேர்த்தால் 600 அடிமைகளுக்கு மேல். முந்தைய அத்தியாயத்தில் நானே தட்டிய எண். ஆனால் அதைச் சொல்லாமல், "மூலத்துல என்ன இருக்கோ அதைத்தான் நாம போட முடியும். நாளைக்கு அச்சுக்குப் போகணும்" என்றேன். அவர் வட்டத்தின் மேல் குறுக்குக்கோடு இழுத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

நடந்தது அவ்வளவுதான். சண்டைகூட இல்லை. மூலத்தில் இருப்பது ஓநாய். புலியைக் கூட்டிவந்தவன் நான் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

என் பக்கமும் நியாயம் உண்டு. ஓநாயின் காது ஜெஃபர்சன் கண்டுபிடித்ததல்ல, பழைய லத்தீன் பழமொழி. ரோமப் பேரரசர் திபேரியஸ்கூட அடிக்கடி சொல்வாராம். பழமொழிக்குப் பழமொழி வைப்பது மொழிபெயர்ப்பில் குற்றமே இல்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிட முடியும். அக்காவிடம் மட்டும் ஏன் சொல்ல வரவில்லை?

புலிவால் என்றதும் நமக்குப் பிடித்திருப்பவன்மேல்தான் இரக்கம் வரும். ஐயோ பாவம், மாட்டிக்கொண்டான் என்போம். எதற்குப் போய் வாலைப் பிடித்தான் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லைப் போட்டதால் ஜெஃபர்சனுக்கு நம் ஊர் அனுதாபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

அதே அத்தியாயத்தின் எண்களோ வேறு கதை சொல்கின்றன. 1790 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம். 1820இல் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 1808 முதல் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தடை இருந்தும் இந்தப் பெருக்கம். நடுவில் 1793இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின் இயந்திரம் வந்தது. 1803இல் ஜெஃபர்சனே 1.5 கோடி டாலருக்கு லூயிசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கினார். மிசூரி அதிலிருந்து வந்த நிலம்தான். விட முடியாமல் தவிப்பவன் இன்னொரு கையையும் கொண்டுபோய் வைப்பானா?

விட வழியே இல்லை என்பதும் சரியில்லை. 1819 பிப்ரவரியில் நியூயார்க்கின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு வழி சொன்னார்: மிசூரிக்குள் இனி அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பிறகு பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை. எவ்வளவு மெதுவான விடுதலை! காங்கிரஸின் கீழவை ஏற்றது, மேலவையான செனட் தள்ளியது. 1820 மார்ச்சில் கீழவையும் 90க்கு 87 என்ற வாக்கில் தடையைக் கைவிட்டது. மூன்றே வாக்கு. டால்மேட்ஜின் நியூயார்க்கோ, 1827 ஜூலை 4இல் அடிமை முறைக்கு முடிவு கட்டுவதாக 1817இலேயே சட்டம் போட்டிருந்தது. அங்கே யாரையும் எதுவும் கடித்ததாகத் தெரியவில்லை. ஜெஃபர்சனோ அடிமைகள் பரந்த நிலத்தில் பரவினால் அவர்களுக்கே நல்லது என்று அதே கடிதத்தில் எழுதுகிறார்.

ஆனாலும் அவர் பயத்தை முழுப் பொய் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைப் பார்த்த தலைமுறை அது. ஓநாய் வரிக்கு அடுத்த வரியிலேயே, ஒரு தட்டில் நீதி, மறு தட்டில் நம் உயிர்க்காப்பு என்கிறார். நீதி எதிர்த்தட்டில் இருப்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் ஓநாய் யார் என்பதும் அவருக்குத் தெரியும். அக்கா படித்ததுதான் சரி.

சரியென்றால் நான் செய்தது தப்பா? ஜெஃபர்சன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தேன், அதனால்தான் அக்காவுக்குக் கேள்வி எழுந்தது என்று ஒரு நாள் நினைத்து ஆறுதல் பட்டேன். மறுநாளே அது கூசவைத்தது. கேள்வி எழுந்தது அவர் கவனத்தால், என் திறமையால் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே அத்தியாயத்தில் "மிசூரி சமரசம்" என்ற தலைப்பையும் அவர் கேட்டிருந்தார். "யாருக்கும் யாருக்கும் சமரசம் தம்பி?" மிசூரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், லூயிசியானாவின் மிச்ச நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. வடக்கும் தெற்கும் பங்கு பிரித்துக்கொண்டன. மிசூரியில் அடிமைகளாயிருந்த பத்தாயிரம் பேரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. "பேரம்னு போடலாமே" என்றார். பாடநூலில் அது நடக்காது என்று "உடன்பாடு" ஆக்கினேன். அதைக் கொடுத்துவிட்டோம், புலியை வைத்துக்கொள்ளலாம் என்று அன்று உள்ளுக்குள் கணக்குப் போட்டது நினைவிருக்கிறது.

அக்கா இப்போது வேலையில் இல்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். போனில் கேட்டேன். "அப்படியா கேட்டேன்? புத்தகம் நல்லா வந்துச்சே தம்பி" என்றார்.

மறுபதிப்புக்காகக் கோப்பு திரும்ப வந்திருக்கிறது. "ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம்" என்று மாற்றி வாசித்தேன். மொழிபெயர்ப்பு வாடை அடித்தது. மாணவர்கள் ஏன் காது, ஏன் ஓநாய் என்று நின்றுவிடுவார்கள். நின்றால் என்ன என்றும் தோன்றியது. மறுபடி புலியைப் போட்டேன். நேற்று இரவு மறுபடி ஓநாய். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.