அதிர்வது சுவர், பகீரென்பது வயிறு

செய்தித்தாளில் அதிர்ச்சி இல்லாத பக்கம் அரிது. அதிர்ச்சித் தோல்வி, அதிர்ச்சித் தகவல், பொதுமக்கள் அதிர்ச்சி. போதாக்குறைக்கு இன்ப அதிர்ச்சி வேறு. ஆனால் கோவையிலிருந்து ஈரோடு வரை பேருந்தில் அக்கம்பக்கத்துப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே போனாலும், தமக்கு நேர்ந்ததைச் சொல்லும் ஒருவர் 'நான் அதிர்ச்சியடைந்தேன்' என்று சொல்வதைக் கேட்க முடியாது. எழுத்து ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருப்பதை, எங்கள் ஊர்ப் பேச்சு அடி உடம்பின் எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் சேர்த்துத் தனித்தனிச் சொற்களில் சொல்கிறது.

அதிர்தல் பழைய சொல். தொல்காப்பிய உரியியல் 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்கிறது. அதன்படி பார்த்தால், இன்று செய்திகளில் மாறிமாறி வரும் நில அதிர்வும் நிலநடுக்கமும் ஒன்றுதான். விதிர்ப்பு பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று திருவாசகம் ஓதுகிறவர்களின் வாயில் மட்டும் அது இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென வந்து மனிதனைக் குலைப்பது என்ற பொருளுக்குக் குறளே சான்று: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' (429). 'அதிர வருவது' என்ற இரண்டு சொற்களில் இருக்கும் வேகம் 'அதிர்ச்சியை ஏற்படுத்தியது' என்ற நீட்டலில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. (அதிர்ஷ்டத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியாதது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல். ஒலி ஒத்திருப்பதைத் தவிர உறவு கிடையாது.)

கொங்கில் 'அதிர்' என்ற வினை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பொருள்களுக்கு உரியது. பல்லடம் பக்கத்துக் கல்குவாரிகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் 'வெடி வெச்சா ஊடே அதிருதுங்க' என்பார்கள். சோமனூரில் விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த வீட்டில் படுத்தால் தரை அதிர்வது முதுகுக்குத் தெரியும். கோயில் நோம்பிக்கு அதிர்வேட்டு போடுவார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை உலுக்கிய, அளவு ஏறத்தாழ 6 என மதிப்பிடப்பட்ட நிலநடுக்கத்தில் அதிர்ந்ததும் நிலமும் சுவரும்தான். மனிதருக்கு இந்த வினை வரும்போது பொருள் திரும்பிக்கொள்கிறது: அதிர்பவர் பேசுகிறவர் அல்லர், அவரைச் சுற்றியிருப்பவை. 'அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாருங்க' என்பது இங்கே ஒரு மாப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த நற்சான்று. 'அதிர நடக்காதே' என்பது பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோன, தேய்ந்து போகவேண்டிய அறிவுரை.

அப்படியானால் மனிதருக்கு என்ன ஆகிறது? நெஞ்சு திக்கென்கிறது, வயிறு பகீரென்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது. கடைக்குப் போன பிள்ளை இருட்டியும் வீடு திரும்பவில்லை என்றால் 'பக்குனு ஆயிருச்சு'. வண்டிச் சாவியை எங்கோ விட்டுவிட்டோம் என்று பாதி வழியில் நினைவுக்கு வந்தால் 'கெதக்குனு ஆயிப்போச்சுங்க'. இவற்றில் எதிலும் 'நான்' எழுவாயாக நிற்பதில்லை. திடுக்கிட்டேன், துணுக்குற்றேன் என்று எழுதும்போது தன்மை விகுதி ஒட்டிக்கொள்கிறது. பேச்சிலோ 'எனக்கு' என்று ஒதுங்கி நின்றுகொண்டு, நடந்ததை வயிற்றின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 'அதிர்ச்சி அடைந்தேன்' என்பதோ ஏதோ முயன்று சென்று சேர்ந்த இடம்போல ஒலிக்கிறது. வந்து தாக்குவதை ஒருவர் எப்படிப் போய் அடைவது?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 'தூக்கிவாரிப் போட்டது' என்பதுதான். யார் தூக்கினார்கள், எங்கே போட்டார்கள் என்று அது சொல்வதேயில்லை. இதே வினை பேருந்தின் கடைசி இருக்கைக்கும் பொருந்தும்: 'பின்னாடி உக்காராதீங்க, தூக்கித் தூக்கிப் போடும்' என்பார் நடத்துநர். குளிர்காய்ச்சல் கண்டவரின் உடம்பும் தூக்கித் தூக்கித்தான் போடும். வேகத்தடை, காய்ச்சல், கெட்ட செய்தி ஆகிய மூன்றும் உடம்பை ஒரே விதமாகத்தான் நடத்துகின்றன என்பதை இந்த மொழி எப்போதோ கவனித்துவிட்டது.

கெட்ட செய்தியில் பெரியது சாவு. நேற்றுவரை தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால், 'பொசுக்குனு போயிட்டாருங்க' என்பார்கள். ஒரு குமிழி உடைவதற்கு ஆகும் நேரம்கூட அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் அதையே வெளியூரில் இருக்கும் மகனிடம் தொலைபேசியில் சொல்லும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலைங்க தம்பி, ஆஸ்பத்திரியில சேத்தியிருக்குது, நீங்க பொறப்பட்டு வாங்க' என்பார் பங்காளி ஒருவர். அந்தப் பொய்யின் பொருள் கேட்பவருக்கும் பாதி தெரியும். இருந்தாலும் வண்டியேறி வந்து சேரும் நேரம்வரை அந்தப் பாதி அவரைத் தாங்கிக்கொண்டு வரும்.

மின்சாரத்துக்கு வருவோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கோவைக்கு வந்த மின்சாரம் ஆலைகளுக்கும் பின்னாளில் கிணற்று மோட்டார்களுக்கும் பரவியபோது, புதுவிதமான அடி ஒன்றும் கூடவே வந்தது. பாடநூல் அதை மின்னதிர்ச்சி என்கிறது. மோட்டார் ரூமில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். 'கரண்ட் அடிச்சிருச்சு' என்பார், இல்லையென்றால் 'ஷாக் அடிச்சிருச்சு'. வெயில் அடிக்கிற, காற்று அடிக்கிற, வாசம் அடிக்கிற மொழியில் கரண்டும் அடிப்பது இயல்புதான். செய்தித்தாள்கூட இந்த ஓரிடத்தில் அதிர்ச்சியைக் கைவிட்டு, 'மின்சாரம் தாக்கி விவசாயி பலி' என்று நேராக எழுதுகிறது.

உண்மையில் குழப்பம் தருவது மருத்துவமனை ஷாக். மருத்துவருக்கு ஷாக் என்பது இரத்த ஓட்டம் தளர்ந்து உறுப்புகளுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராத நிலை. இரத்தம் மிகுதியாக வெளியேறினாலும், கடும் கிருமித்தொற்று ஏற்பட்டாலும், இதயம் தளர்ந்தாலும், கடும் ஒவ்வாமையாலும் அது வரலாம். மனக்கலக்கம் அதற்குத் தேவையே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் 'பேஷண்ட் ஷாக்ல இருக்கார்' என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். 'ஊட்டுல யாராச்சும் ஏதாவது சொல்லிட்டீங்களா?' என்று உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 'இரத்த ஓட்டம் குறைஞ்சு போச்சு, உசுருக்கு ஆபத்தான நிலைமை' என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னால், ஒரு மருமகளாவது வீண்பழியிலிருந்து தப்பிப்பாள்.

இருசக்கர வாகனப் பட்டறையில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை. குலுக்கலைத் தாங்குவதற்கென்று வண்டியில் இருக்கும் உறுப்பின் முழுப்பெயரைச் சொல்ல நேரமில்லாமல், அதற்கே ஷாக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'ஷாக்கு ரெண்டும் போயிருச்சுங்கண்ணா, ஆயில் ஒழுகுது, மாத்தீரலாங்களா?' என்று கேட்டால், பணத்தை எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.