கவரை ஒட்டுவதற்கு முன்

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் ஒரு நீளக் கவரும் சேர்ந்தாலே 20 கிராமை நெருங்கிவிடும். சாதாரணத் தபாலின் முதல் கட்டணம் அதுவரைதான். நாலாவது தாளை வைத்துவிட்டு அதே ஸ்டாம்போடு பெட்டியில் போட்டால், குறைகிற தொகையின் இருமடங்கைப் பெறுபவரிடம் கேட்பார்கள். கல்யாணக் கார்டுகள்தான் இதில் அதிகம் மாட்டும். ஒரு கார்டை முழுதாகக் கவரில் போட்டு எடை பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஸ்டாம்ப் வாங்குங்கள். மூலையில் தடவிய மஞ்சள் காயாமல் உள்ளே போனால் கவருக்கு வெளியே கறை ஊறும்.

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 99 மி.மீ. உயரம் வரும். 110-க்கு 220 மி.மீ. கவரில் சிக்கில்லாமல் நுழையும். சின்னக் கவர்தான் இருக்கிறதென்று எட்டாக மடித்துத் திணித்தால் நடுவில் புடைக்கும். முத்திரை விழும்போது அங்கேதான் கிழியும். சான்றிதழை மடிக்கவே கூடாது. 229-க்கு 324 கவரில், பின்னால் அட்டை கொடுத்து, அசையாதபடி வையுங்கள். ஜெம் கிளிப்பை எடுத்துவிடுங்கள், கட்டுக்கட்டாக அடுக்கும்போது கவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பணத்தாள் வைக்கவே வேண்டாம், அதற்கு மணியார்டர் இருக்கிறது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பசை தடவி வரும் கவர்கள் அந்த ஈரத்தில் அலமாரியிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கோந்து தடவுவதாக இருந்தால் மடிப்பின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் போதும். அதிகமானால் உள்ளே வழிந்து கடிதத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கிறவர் கையில் இரண்டும் சேர்ந்து கிழியும். முகவரிக்கு பால்பாயின்ட் பேனாதான் சரி; ஜெல் மை ஒரு துளித் தண்ணீருக்கே பரவும்.

முகவரியில்தான் நம் ஊர்க்காரர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறோம். விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் வீடுகள் தெருவாக இல்லாமல் தோப்புக்குள் சிதறிக் கிடக்கும். வீட்டுப் பெயர், விளையின் (தோட்டத்தின்) பெயர், அஞ்சல், தாலுகா எல்லாம் வேண்டும். 'விளை' என்று முடிகிற ஊர்கள் எத்தனை! ஆளைக் காட்டிக்கொடுப்பது அஞ்சலகத்தின் பெயரும் பின்கோடும்தான். நாகர்கோவில் தலைமை அஞ்சலகம் 629001, மார்த்தாண்டம் 629165, கன்னியாகுமரி 629702. முதல் மூன்று எண் மாவட்டம் முழுக்க ஒன்றுதான், கடைசி மூன்றுதான் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். தெரியாமல் எல்லாவற்றுக்கும் 629001 போட்டால் கவர் நாகர்கோவில் போய்த்தான் திரும்பும். திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் யாரும் வாங்கலாம். பத்திரமோ வக்கீல் நோட்டீஸோ உரியவர் கையில்தான் போக வேண்டுமென்றால், கவுன்டரில் 'பதிவும் சேர்த்து' என்று கேட்டு, அதற்கான கட்டணம் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.