எட்டுப் பைகளும் ஒரு தீவும்

புதுச்சேரியில் டிராவல்ஸ் ஆபீஸ் என்றால் பாதி வேலை பாரிஸ்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள், பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள்), ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவில் மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாக்கள். இவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தே பதினான்கு வருஷம் போய்விட்டது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இதுவரை ஏறிய விமானம் ஒன்றே ஒன்று, அதுவும் ஆபீஸ் பயிற்சிக்காக டெல்லிக்கு. அதற்காக யாரும் என்னிடம் டிக்கெட் போடாமல் இருந்ததில்லை.

ஒரு மார்ச் மாதம், சேதராப்பட்டில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நண்பர்கள் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை நந்தனத்துக்குப் போய் கோல்ஃப் ஆடிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள். முந்தைய வருஷம் தாய்லாந்து போனார்களாம். ஆட்டத்தைவிடக் கூட்டமும் சத்தமும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

"அமைதியான தீவா ஒண்ணு பாரும்மா. மைதானம் ஒண்ணு இருந்தாப் போதும்."

கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், டிவியில் சேனல் மாற்றும்போது வந்துபோகும் பச்சைப் புல்தான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இலங்கையில் நுவரெலியா மைதானம் 1889-லிருந்து இருக்கிறது, ஆனால் அது மலை, குளிர். மொரீஷியஸில் மைதானங்கள் நிறைய, ஒன்று தனித் தீவிலேயே இருக்கிறது, ஆனால் அந்த ஊரையே அமைதியான தீவு என்று சொல்லி விற்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது செஷல்ஸ். 115 தீவுகள், மொத்த மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அதில் பிராலின் என்ற தீவில் ஒரு ரிசார்ட்டுக்குள் 18 குழி மைதானம். பார் 70.

"பார் 70" என்று நான் குறித்து வைத்திருந்த தாளைப் பார்த்து பக்கத்து மேசைப் பையன், "ஒரே ஓட்டல்ல எழுபது பாரா? நம்ம ஊரே தோத்துடும் போலிருக்கே" என்றான். பார் என்பது ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் 18 குழியையும் முடிக்க எடுக்கும் அடிகளின் கணக்கு என்று நானே முந்தின நாள்தான் கற்றிருந்தேன். ஆனாலும் பல வருஷம் தெரிந்தவள் மாதிரி விளக்கினேன்.

ரிசார்ட்டின் பெயர் லெமூரியா. எங்கள் கணக்காளர் அண்ணனுக்குத் தமிழ்ப் பற்று அதிகம், பெயரைக் கேட்டதும் எழுந்தே வந்துவிட்டார். "குமரிக்கண்டத்துல கோல்ஃப் ஆடப் போறாங்களா!" லெமூர் என்ற விலங்கின் எச்சங்கள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்ததை வைத்து, இடையில் ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. கண்டங்களே நகர்கின்றன என்று பிற்பாடு தெரிந்ததும் அந்தக் கருத்து கைவிடப்பட்டது. இதைச் சொன்னால் அண்ணன் இரண்டு நாள் பேசமாட்டார். சொல்லவில்லை.

பெயர்த் தொல்லை அத்தோடு நிற்கவில்லை. செஷல்ஸின் பெரிய தீவு, விமானம் இறங்குகிற இடம், மாஹே. நம் யூனியன் பிரதேசத்திலும் கேரளக் கரையில் ஒரு மாஹே இருக்கிறதே. நான் முதலாளியிடம் "மாஹே வரைக்கும் ஒன்பது சீட் பிளாக் பண்ணணும்" என்றதற்கு அவர் நிமிராமலே, "மாஹேவுக்கு பி.ஆர்.டி.சி. பஸ்ஸே போகுதே" என்றார். தீவுக்கு அந்தப் பெயர் வந்தது மாஹே தெ லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக் கவர்னரால். 1746-இல் சென்னையைப் பிடித்தாரே, அவர்தான். இளவயதில் மலபார் மாஹேவைப் பிடித்த சண்டையிலும் இருந்தவர். நம் ஊர்ச் சரித்திரத்தில் வந்து போகிற ஆள் அங்கே ஒரு தீவாகவே உட்கார்ந்திருக்கிறார்.

எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது சீட் எதற்கு என்று தோன்றும். ஒன்பதாவது ஆள் ஒரு டாக்டர். ஓய்வு பெற்றவர், அந்தக் குழுவில் மூத்தவர். தோள்பட்டையில் சவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆட முடியாது. அவரே ஒருநாள் தனியாக ஆபீஸுக்கு வந்தார். "நான் ஆடலம்மா. கூட நடந்து வந்தாப் போதும். அதுக்கு அவங்க ஒத்துப்பாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு." மற்றவர்களிடம் கேட்கச் சொல்லக் கூச்சம் போல. அன்றே ரிசார்ட்டுக்கு மெயில் போட்டேன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் காலை பத்தரைக்கு மேல் அனுப்பினால்தான் ஆள் இருக்கும். பக்கியில், அதாவது மைதானத்துக்குள் ஓடும் குட்டி வண்டியில், உட்கார்ந்து வரலாம், தாராளமாக வரட்டும் என்று பதில் வந்தது. கையெழுத்துப் பகுதியில் குடும்பப் பெயர் பிள்ளை. ஆசையாக ஒரு வரி தமிழில் வணக்கம் எழுதி அனுப்பினேன். அது என்ன எழுத்து என்று பிரெஞ்சில் கேட்டிருந்தார். 1770-இல் முதலில் போய்க் குடியேறிய இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் இந்தியர்கள் என்கிறது அந்த நாட்டுச் சரித்திரம். பிள்ளை, செட்டி, நாயக்கன் என்று பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

டீ டைம், அதாவது யார் எத்தனை மணிக்கு ஆட்டத்தை ஆரம்பிப்பது என்ற நேரம், போடுவது ஒரு தனி வித்தை. நாலு பேர் ஒரு அணி, ஃபோர்பால் என்பார்கள். முதல் நாலு பேர் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து அடுத்த நாலு பேர். 18 குழி முடிய நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். சேதராப்பட்டு சார் ஒரு நாளைக்கு 36 குழி வேண்டும் என்றார். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூமத்திய ரேகைக்கு நாலு டிகிரி தெற்கே இருக்கிற ஊர். வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டி விடிந்து ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும், கோடை நீளம் என்ற கதையெல்லாம் கிடையாது. ஏழரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு, சாப்பிட்டு ஒரு மணிக்கு இறங்கினால் ஐந்தரை. தாளில் கச்சிதமாக அடங்கியது. டாக்டரிடம் பெருமையாகக் காட்டினேன். "இந்த மைதானத்துல கடைசி ஆறு குழி மலை மேல இருக்குன்னு நீயே எழுதியிருக்க. எங்க வயசு என்னன்னு பாஸ்போர்ட்டப் பாத்தியா?" என்றார். பாஸ்போர்ட் நகல் ஒன்பதும் என் மேசையில்தான் இருந்தன. காலையில் 18 குழி மட்டும் என்று மாற்றினேன்.

ஒரே மைதானத்தில் நாலு நாளும் ஆடினால் சலிக்காதா என்றும் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "நீ டெய்லி அதே பஸ்லதானே வர்ற?" என்றார் சார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் கஸ்டமரிடம் சொல்லும் பதில் இல்லை.

சரி, தப்புக்கு வருகிறேன். மாஹேவிலிருந்து பிராலினுக்கு இரண்டு வழி. ஒன்று, பத்தொன்பது பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் குட்டி விமானம், கால் மணி நேரம். இன்னொன்று படகு, சுமார் ஒரு மணி நேரம். நான் விமானத்தைப் போட்டேன். பயணத் தேதி ஆகஸ்ட், சுதந்திர தினத்தை ஒட்டிய விடுமுறை. முன்பணமும் கட்டியாயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. பஸ் அரியாங்குப்பம் பக்கம் நின்றிருந்தது. மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அந்த அம்மா விடவில்லை. "கூடை என்ன சீட்டுலயா குந்திக்கினு வருது?" என்று ஒரே சண்டை. பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பை!

கோல்ஃப் ஆடுகிறவர் ஒரு பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், விதிப்படி அதுதான் உச்சம். மட்டை, பந்து, ஷூ, மேல் உறை எல்லாம் சேர்த்தால் ஒரு பை பதினைந்து கிலோவைத் தொடும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்படி எட்டு. அதற்கு மேல் துணிப்பெட்டி ஒன்பது. பெரிய விமானத்துக்கு இதையெல்லாம் கேட்டு, விளையாட்டுச் சாமான் என்று பதிந்து வைத்திருந்தேன். குட்டி விமானத்துக்குக் கேட்கவே இல்லை. ஆட்களை எண்ணியவள் மூட்டையை எண்ணவில்லை. கண்டக்டருக்குத் தெரிந்தது பதினான்கு வருஷ அனுபவசாலிக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் போனதும் மெயில் அனுப்பினேன். இடம் இருந்தால் ஏற்றுவோம், இல்லையென்றால் அடுத்தடுத்த விமானங்களில் வரும் என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்த விமானத்தின் வயிறு அவ்வளவுதான். ஆனால் மட்டை ஒரு நாள் தள்ளி வந்தால் முதல் நாள் ஆட்டம் போச்சு. அங்கேயே வாடகைக்கு செட் எடுத்துக்கொள்ளலாமே என்று சாரிடம் மெல்லக் கேட்டேன். "அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடச் சொல்ற" என்றார். போதாததற்கு எட்டில் ஒருவர் இடது கை ஆட்டக்காரர்.

அப்போது படகுதான் வழி. படகு என்றதும் அடுத்த சிக்கல். மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கடல் தூக்கிப் போடும். அறுபதைத் தாண்டியவர்களை வாந்தியோடு இறக்கிவிட்டு, மறுநாள் காலை ஏழரைக்கு மட்டையைப் பிடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு காற்று ஓய்ந்து அடுத்த காற்று பிடிப்பதற்கு நடுவே ஏப்ரலிலும் அக்டோபரிலும் கடல் அடங்கிக் கிடக்கும். ஏப்ரலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆக, அக்டோபர்.

அக்டோபர் என்றால் ஆயுத பூஜை. தொழிற்சாலை முதலாளி அன்றைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்காமல் கோல்ஃப் ஆடப் போக முடியுமா? அடுத்து தீபாவளி போனஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு நாள் இடுக்கு கிடைத்தது. அதற்குள் திணித்தேன். ஒரு பைக்காகக் காற்றையும் கடலையும் சரஸ்வதியையும் லட்சுமியையும் நகர்த்திப் பார்த்த அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. விமான ரத்துக் கட்டணம் ஆபீஸ் தலையில் விழுந்தது. முதலாளி திட்டவில்லை. ரசீதை மட்டும் என் கம்ப்யூட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. அந்தக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பதினோரு பக்கத் தாளில் கடலின் நிறம் பற்றி ஒரு வரி கிடையாது. படகுத்துறையில் பை எங்கே வைப்பார்கள், பிராலினில் இறங்கினால் எட்டுப் பை ஏறும் வேன் நிற்குமா, அந்த ஊர்ப் பணமும் ரூபாய்தான் என்றாலும் நம் ரூபாய் இல்லை, வெளிநாட்டுப் பயணத்துக்கு டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் ஏன், மும்பையில் மாறும்போது எத்தனை மணி நேரம். இவ்வளவுதான். அந்தத் தீவு எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கெங்கே தடுக்கும் என்பதாகத்தான்.

டாக்டருக்கு மட்டும் ஒரு பக்கம் தனியாக எழுதினேன். பிராலினில் வாலே தெ மே என்று ஒரு பனங்காடு, 1983-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரங்கள் அங்கே இயற்கையாக வளர்கின்றன. உலகத்திலேயே கனமான விதை, இருபது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. நம் நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்று துண்டாக விற்கிறார்களே, அதுதான். பண்டாரங்கள் கையில் வைத்திருந்த திருவோடும் இதன் ஓட்டில் செய்தது உண்டு. திரும்பும் வழியில் மாஹேவில் நேரம் இருந்தால் விக்டோரியா நகரில் நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வாருங்கள் என்றும் எழுதியிருந்தேன்.

போனார்கள், வந்தார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சாரும் டாக்டரும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். பதினைந்தாவது குழி மலை உச்சியில் இருக்கிறதாம். கீழே கடற்கரை, மேலே நின்று அடித்தால் பந்து விழ நேரமாகிறதாம். மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு சார் ஏழு எடுத்தாராம். டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னார்.

போனில் படம் காட்டினார்கள். மைதானம், கடல், மறுபடி கடல். நான் தள்ளிக்கொண்டே போய்ப் படகுத்துறைப் படத்தில் நிறுத்தினேன். பைகளை வரிசையாக நிற்க வைத்து எடுத்திருந்தார்கள். எண்ணினேன். ஒன்பது.

"சார், பை எட்டுதானே?"

டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதிகச் சுமைக்கான ரசீது. ஒன்பதாவதில் இருந்தது ஒரு கடல் தேங்காய், அந்த நாட்டு அரசாங்கச் சான்றிதழோடு.

"கோல்ஃப் பைக்கு எவ்வளவு கிலோன்னு எழுதியிருந்த. தேங்காய்க்கு எழுதலையேம்மா."