கவர்னர் ஓட்டு: நியூ ஜெர்சியிலிருந்து ஒரு நாட்குறிப்பு, 2021

செப்டம்பர் 10, வெள்ளி

ஐடா புயல் அடித்து ஒன்பது நாளாகிறது. இன்னும் தெருவோரமெல்லாம் நனைந்த கார்ப்பெட்டும் மெத்தையும் கிடக்கின்றன. எங்கள் பேஸ்மென்டில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இறைத்து, ஃபேன் வைத்துக் காயவைத்தாயிற்று. மான்வில்லில் இருக்கும் தோழியின் வீட்டுக்குள்ளே ரேரிட்டன் ஆறே வந்துவிட்டது. சுவரில் கைவைத்தால் பிளாஸ்டர் மாவாக உதிர்கிறது. பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பாதிப் படங்களில் முகமே இல்லை.

மாநிலத்தில் 25 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். செவ்வாயன்று அதிபர் பைடன் மான்வில்லுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜனநாயகக் கட்சிக் கவர்னர் ஃபில் மர்ஃபி தினமும் ஏதாவதொரு ஊரில் ரப்பர் பூட்ஸோடு நிற்பதை டிவியில் காட்டுகிறார்கள். நவம்பர் 2-ஆம் தேதி அவர் மறுபடியும் ஓட்டுக்கு நிற்கிறார். பதவியில் இருக்கிறவருக்கு இது ஒரு சாதகம் என்று இவர், என் கணவர், சொன்னார். தோழி வீட்டுச் சுவரைப் பார்த்த எனக்கு அப்படிக் கணக்குப் போட மனம் வரவில்லை. நிவாரணப் பணம் எப்போது வரும் என்பது ஒன்றுதான் அவளுடைய கேள்வி.

செப்டம்பர் 19, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். தேர்தல் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றதும், "கவர்னருக்கு எதுக்குடி தேர்தல்? இங்க நேத்துதான் புதுக் கவர்னர் வந்திருக்கார், ஆர்.என்.ரவின்னு. யார் ஓட்டுப் போட்டா?" என்றார்.

இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, அதற்கும் ஒரு படி மேலே என்று சொல்லிப் புரியவைத்தேன். நியூ ஜெர்சியில் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பதவி கவர்னரும் அவரோடு சேர்ந்து நிற்கும் துணைக் கவர்னரும் மட்டும்தான். அட்டர்னி ஜெனரலை அவர்தான் நியமிக்கிறார், நீதிபதிகளை அவர்தான் முன்மொழிகிறார். பட்ஜெட்டில் பிடிக்காத ஒரு வரியை மட்டும் அடித்துவிடவும் அவரால் முடியும். தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம். "அப்போ நல்லா பார்த்துப் போடு" என்றார் அம்மா.

செப்டம்பர் 29, புதன்

நேற்று ராத்திரி நியூவார்க்கில் முதல் விவாதம். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜாக் சியாட்டரெல்லி முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், சொந்தமாகத் தொழில் நடத்தியவர். பேச்சில் நல்ல சூடு. அரங்கத்தில் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

மாஸ்க், தடுப்பூசி என்று நிறையப் பேசினார்கள். எனக்கு மனதில் நின்றது சொத்து வரிதான். வரிதான் உங்களுக்கு ஒரே பிரச்சினை என்றால் இந்த மாநிலம் உங்களுக்கு ஒத்துவராது என்ற பொருளில் 2019-இல் மர்ஃபி சொன்னதை சியாட்டரெல்லி விளம்பரம் விளம்பரமாகப் போட்டுக் காட்டுகிறார். ஒரு கவர்னர் வாயில் அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. அதே மர்ஃபிதான் 25 வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அரசு ஊழியர் பென்ஷனுக்கு முழுத் தொகையைக் கட்டினார், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் நோக்கி நகர்த்துகிறார். சியாட்டரெல்லி பள்ளி நிதி ஒதுக்கும் முறையையே மாற்றி வரியைக் குறைப்பேன் என்கிறார். அப்படி மாற்றினால் நியூவார்க், பேட்டர்சன் போன்ற ஏழை ஊர்ப் பள்ளிகளுக்குப் போகும் பணம் என்னவாகும் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அக்டோபர் 9, சனி

சாவடி ஊழியர் பயிற்சி முடிந்தது. இந்த வருஷம் தடித்த கையெழுத்துப் புத்தகம் கிடையாது. டேப்லெட்டில் பெயர் தேடி, அதிலேயே கையெழுத்து வாங்க வேண்டும்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பெரியவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். பேச்சு தேர்தலுக்குப் போனதும் விளக்குமாறைக் கீழே வைத்துவிட்டார். 1976 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளையே மூடச் சொல்லிவிட்டதாம். ஊருக்கு ஊர் சொத்து வரியை நம்பியே பள்ளி நடத்தினால் ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பது வழக்கு. எட்டே நாளில் சட்டமன்றம் வருமான வரியைக் கொண்டுவந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் பிரெண்டன் பைர்னுக்கு அதற்கப்புறம், அடுத்த முறை ஜெயிக்க மாட்டார் என்று, 'ஒரு தவணை பைர்ன்' என்றே பெயர். ஆனால் 1977-இல் அவர் ஜெயித்துவிட்டார்.

"அதோடு சரி. அவருக்குப் பிறகு இந்த மாநிலத்தில் எந்த ஜனநாயகக் கட்சிக் கவர்னரும் இரண்டாம் முறை ஜெயித்ததில்லை" என்றார். வரியை ஏற்றிய ஃப்ளோரியோ 1993-இல் தோற்றார், கோர்சைன் 2009-இல் கிறிஸ் கிறிஸ்டியிடம் தோற்றார். பதிவு செய்த வாக்காளர்களில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பத்து லட்சம் பேர் அதிகம் இருக்கிற மாநிலம் இது. போன வருஷம் பைடன் 16 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம். அப்படியும் 44 வருஷமாக இதுதான் கதை.

அக்டோபர் 24, ஞாயிறு

நேற்றிலிருந்து முன்கூட்டியே நேரில் ஓட்டுப் போடலாம். நியூ ஜெர்சியில் இதுதான் முதல் தடவை. இன்று காலை போய்ப் போட்டுவிட்டேன். குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் கவர்னர் ஓட்டு. மர்ஃபிக்குத்தான் போட்டேன். வரி எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் பள்ளிப் பணத்தில் கைவைப்பது பயமாக இருக்கிறது. நேற்று ஒபாமா நியூவார்க்குக்கு வந்து அவருக்காகப் பேசினார்.

அக்டோபர் 28, வியாழன்

மான்மத் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பில் மர்ஃபி 11 புள்ளி முன்னால். இவர் "முடிஞ்சு போச்சு" என்றார்.

நவம்பர் 1, திங்கள்

சொத்து வரியின் கடைசிக் காலாண்டுத் தவணைக்கு இன்று கெடு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நாலு தடவை ஒன்றாம் தேதி வரும். இந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 9,112 டாலர் என்று போன வருஷக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. எங்களுடையது சராசரிக்கும் மேல். சமையலறை மேடையில் செக்புக்கை வைத்து இவர் எழுத, நான் உறையில் ஸ்டாம்ப் ஒட்டினேன். வீட்டுக் கடனைக் கட்டி முடித்தாலும் இது முடியாது என்றார் இவர்.

ஓட்டுக்கு முந்தின நாள் மாநிலம் முழுவதும் எத்தனை சமையலறையில் இந்த உறையை ஒட்டியிருப்பார்கள்! 11 புள்ளி என்று சொன்னவர்கள் அந்த உறையைக் கையில் பிடித்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

நவம்பர் 2, செவ்வாய் (எழுதுவது ராத்திரி 11 மணிக்கு)

காலை 5:15-க்குச் சாவடி. ஒரு பள்ளியின் ஜிம். மேஜைக்கு இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். என் பக்கத்தில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அம்மையார், எழுபதை நெருங்குகிறவர். இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறாராம். எதிர் மேஜையில் பதினேழு வயதுப் பையன். ஓட்டுப் போட வயதில்லை, ஊழியராக வந்திருக்கிறான். டேப்லெட் தடுமாறினால் எல்லோரும் அவனைத்தான் கூப்பிட்டோம்.

ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் தடுமாறத்தான் செய்தது. நெட்வொர்க் கிடைக்காமல் பெயர் வரவில்லை. வரிசை ஜிம் வாசலைத் தாண்டியது. வேறு ஊர்ச் சாவடிகளிலும் இதே பாடு என்று பிறகு கேள்விப்பட்டோம். சாயங்காலம் கூடுதல் நேரம் கேட்டு நீதிமன்றம் போனார்களாம், நீதிபதி தரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் தபால் ஓட்டுப் பட்டியல். ஒருமுறை தபால் ஓட்டு கேட்டு எழுதிக் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்கிறவரை பெயர் அதிலேயே இருக்கும். அவர்கள் சாவடிக்கு வந்தால் இயந்திரத்தில் போட முடியாது. தற்காலிக வாக்குச்சீட்டு என்று ஒரு தாள் கொடுப்போம். அதை நிரப்பி உறையில் போட்டு, உறையோடு ஒட்டியிருக்கும் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். தபாலிலும் போடவில்லை என்று சரிபார்த்த பிறகே அது எண்ணப்படும்.

மத்தியானம் ஒருவர் வந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறார், உடுப்பில் கிடங்கின் தூசி. உறையை நீட்டியதும் முகம் சிவந்துவிட்டது. "இது நேராகக் குப்பைக்குத்தானே போகும்?" என்றார். நான் விளக்குவதற்குள் பக்கத்து அம்மையார் எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். உறைகள் போகும் பையைக் காட்டி, பூட்டைக் காட்டி, பூட்டின் எண்ணை நாங்கள் எழுதி வைத்திருக்கும் தாளையும் காட்டினார். ஓட்டு ஏற்கப்பட்டதா என்று பார்க்கும் வழி அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, நின்றபடியே சீட்டை நிரப்பினார். உறையின் நாக்கை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்து ஒட்டினார்.

எட்டு மணிக்குச் சாத்தினோம். பையில் 37 உறை. இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் இருவரும் சரிக்குச் சரி! வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் யங்கின் முன்னால் இருக்கிறார்.

நவம்பர் 3, புதன்

ராத்திரி சியாட்டரெல்லி கொஞ்சம் முன்னால் இருந்தார். காலையில் மயிரிழை வித்தியாசம். பகலெல்லாம் தபால் ஓட்டு எண்ண எண்ண மர்ஃபி மேலே போனார். வாட்ஸ்ஆப்பில் காலையிலிருந்தே "நடுராத்திரியில் ஓட்டு எங்கிருந்து வந்தது?" என்று செய்தி சுற்றுகிறது. நம் தமிழ்க் குழுவிலும் இரண்டு பேர் பகிர்ந்திருந்தார்கள். நானும் பொறுமையாக எழுதினேன்: எங்கிருந்தும் வரவில்லை, உறைக்குள் இருந்தது, இப்போதுதான் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 6-ஆம் தேதி போட்ட ஓட்டை மே 2 வரை பெட்டியில் வைத்துக் காத்திருந்தோமே, இங்கே ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா?

சாயங்காலம் அதிரசம் தட்டிக்கொண்டிருந்தபோது ஏபி செய்தி நிறுவனம் மர்ஃபி ஜெயித்ததாக அறிவித்தது. சற்று நேரத்தில் அம்மா வீடியோ காலில் வந்தார். அங்கே விடிகாலை, தலையில் எண்ணெய் வழிகிறது. "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றார். இங்கே இன்னும் முந்தின நாள்தான் என்றேன். அப்புறம், "உங்க கவர்னர் என்ன ஆனார்?" என்றார்.

நவம்பர் 4, வியாழன். தீபாவளி

சியாட்டரெல்லி இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வீடியோ வெளியிட்டிருக்கிறார். ஒவ்வொரு ஓட்டும் எண்ணப்பட வேண்டும், அதுவரை இணையத்தில் வரும் சதிக்கதைகளையும் வதந்தியையும் நம்ப வேண்டாம் என்று தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். நான் ஓட்டுப் போடாத மனிதர். இன்று அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மாநில செனட் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஸ்வீனியை, குடியரசுக் கட்சியின் எட்வர்ட் டர் என்ற லாரி டிரைவர் தோற்கடிக்கிறார் என்கிறார்கள். மான்மத் கருத்துக்கணிப்பின் இயக்குநர் பாட்ரிக் மரே, தன் கணிப்பு தவறிவிட்டது என்று பத்திரிகையில் எழுதி இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

நவம்பர் 12, வெள்ளி

சியாட்டரெல்லி இன்று தோல்வியை ஒப்புக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, ஜெயிக்க வழியில்லை என்றார். 2025-இல் மறுபடி நிற்பாராம்.

மான்வில் தோழிக்கு ஓட்டுப் போடவே நேரமில்லை. அன்று முழுக்க பேஸ்மென்டுக்கு ஷீட்ராக் என்ற சுவர்ப் பலகை அடிக்கும் ஆளுக்காகக் காத்திருந்தாளாம்.

டிசம்பர் 18, சனி

இறுதிக் கணக்கு: மர்ஃபி 13,39,471. சியாட்டரெல்லி 12,55,185. வித்தியாசம் 84,286. நாலு வருஷம் முன்பு 14 புள்ளியில் ஜெயித்தவர் இந்தத் தடவை 3 புள்ளியில் தப்பியிருக்கிறார்.

சாவடி வேலைக்கான செக் தபாலில் வந்திருந்தது. அம்மையாருக்கு போன் செய்தேன், அவருக்கும் வந்துவிட்டதாம். ஜூனில் வரும் பிரைமரிக்கும் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு) ஒரே மேஜை கேட்போம் என்றார். "அந்தக் கிடங்குக்காரர் பார்த்திருப்பாரா?" என்று கேட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.